ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரும்

போன தை மாதம் தம்பி என் அறைக்கு வந்திருந்தான். தம்பி என்றால் சித்தி மகன். 22 வயது. ராஜபாளையத்திலிருந்து வேலை தேடி சென்னைக்கு வந்தவன், இப்போதைக்கு பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணிக்கொண்டிருக்கிறான். மூன்று மாடி ஏறி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. “லிஃப்ட் இல்லாத வீடா பார்த்துப் பிடிச்சிருக்கீங்களேக்கா” என்று சிரித்தபடியே பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு நீல பம்பை எடுத்தான். மூடியைக் கழற்றினான். காதுப் பக்கம் கொண்டுபோய் ஆட்டினான். சளக் சளக்.

“இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் சட்சட்டென்று இரண்டு தடவை அடித்துக்கொண்டான்.

நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கை போன விதம், தலை சாய்ந்த விதம், ‘இருக்கு’ என்ற அந்த ஒரு சொல். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அம்மாவுக்கு நான் சொன்ன சொல் அது.

இந்தக் கட்டுரையை நான் எழுத ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

*

எங்கள் ஊரில் இதற்கு இழுப்பு என்று பேர். வீசிங், ஆஸ்துமா எல்லாம் பின்னால் வந்த சொற்கள். “அவளுக்கு இழுப்பு இருக்கு” என்பதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போனால் நெஞ்சு இறுகும், புதன் வியாழனுக்குச் சரியாகிவிடும் என்பாள். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு அதுதான் அடையாளம் என்பதும், பிஸினோசிஸ் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதும், உலகம் முழுக்கப் பஞ்சாலைத் தொழிலாளிகள் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்று அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தபோது சித்தி இல்லை. அவளுக்கு இருந்தது அதுவா, சின்ன வயதிலிருந்தே கூட வந்த ஆஸ்துமாவா, இரண்டும் சேர்ந்தா என்று யாரும் பார்த்துச் சொன்னதில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், இழுப்பு.

ஊருக்குப் பக்கத்திலேயே சஞ்சீவி மலை. அனுமார் தூக்கிக்கொண்டு போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். உயிர் கொடுக்கிற மூலிகை அங்கே இருக்கிறது என்று அம்மாச்சி நம்பினாள். தூதுவளை ரசம், ஆடாதொடைக் கஷாயம், கற்பூரவள்ளி இலை எல்லாம் சித்திக்கு நடந்தது. ஒரு ஜூன் மாதம் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, உயிரோடு விரால் குஞ்சை விழுங்கிவிட்டும் வந்தாள். எதுவும் இல்லாத ராத்திரிகளில் தெருமுனை டாக்டரிடம் போய் டெரிபிலின் ஊசி. பம்ப் மட்டும் கூடாது.

“பம்பு பழக்கிட்டா அப்புறம் விட முடியாது. கடைசி மருந்து அது” என்பாள் அம்மாச்சி. ஊரே அப்படித்தான் சொன்னது. அது கடைசிப் படி, அதற்கு மேல் ஏற எதுவும் கிடையாது என்று.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று சித்தியின் பம்ப் அரிசிப் பானைக்குள் இருந்தது. அதைப் புதைத்தது என் அம்மா. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறமும் பம்ப் வெளியே வரவில்லை. சேலைச் செருகலில் ஒரு சுருக்குப்பை, அதற்குள் வெற்றிலைப் பாக்குக் கணக்காக அந்த நீலக் குழாய். மாமியார் பார்க்காத நேரத்தில் கொல்லைப் பக்கம் போய் அடித்துக்கொள்வாள். சித்தப்பாவுக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். பம்ப் வாங்கித் தருவது என் அம்மாவின் ரகசியச் சீர். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று. சேலை எடுத்துக்கொடுப்பது மாதிரி.

*

2006, மார்கழி. நான் ஆறாம் வகுப்பு. சித்தப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வாரம். மாமியார் திருச்செந்தூருக்குப் போயிருந்தார். துணைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். தம்பிக்கு மூன்று வயது, தூங்கிவிட்டான்.

பதினோரு மணி இருக்கும், சித்திக்கு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம். எனக்கு அது புதிது இல்லை. சித்தி ஜன்னல் திட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்க நின்றாள். பம்பை என்னிடம் நீட்டினாள்.

“மருந்து இருக்கான்னு ஆட்டிப் பாரு பாப்பா.”

காதருகே வைத்து ஆட்டினேன். சளக் சளக்.

“இருக்கு சித்தி.”

அடித்தாள். புஸ் என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதற்கப்புறம் எண்ணவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை, “பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடவா சித்தி?” என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பேசவில்லை. பேச முடியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. 108 ஆம்புலன்ஸ் அப்போது கிடையாது, 2008இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. போன் எதிர்வீட்டில் இருந்தது.

ரெண்டு மணிக்கு மேல் விசில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா, விட்டுருச்சு என்று நினைத்தேன். போர்வையை எடுத்து அவள் காலில் போட்டுவிட்டுத் தம்பி பக்கத்தில் படுத்தேன்.

காலையில் சித்தப்பா வந்து கதவைத் தட்டினார். தெருவில் யாரோ கோலத்துக்குச் சாணி தெளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். சித்தி எழவில்லை.

அவளுக்கு அப்போது 29 வயது.

*

எனக்கு இழுப்பு வந்தது 17 வயதில், மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது. அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன், பயம் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் இரண்டு பம்ப் எழுதினார். ஒன்று நீலம், சால்பியூட்டமால். இன்னொன்று தினமும் காலையும் ராத்திரியும் எடுக்க வேண்டியது, ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த இரண்டாவதை மெடிக்கல் ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம். உடம்பு ஊதும், எலும்பு உளுத்துப்போகும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நீலம் மட்டும் போதும். இழுக்கும்போது அடித்தால் உடனே விடுகிறது, வேறென்ன வேண்டும்?

நானும் சித்தி மாதிரியே ஆனேன். பாத்ரூமுக்குள் போய் அடிப்பது. அடித்தபின் கை நடுங்குவதை துப்பட்டாவுக்குள் மறைப்பது. வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்த பிறகு மாதம் ஒரு டப்பா தீர்ந்தது. அதைக் காபித்தூள் தீர்வது மாதிரிதான் எடுத்துக்கொண்டேன்.

2018 போகி. விடிகாலையில் தெரு முழுக்க டயர் எரிந்த புகை. ஜன்னலை மூடியும் பிரயோசனமில்லை. அறைத்தோழி என்னை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். மூக்கில் மாஸ்க் மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். ஊசி வழியாக ஸ்டீராய்டு போனது. அம்மா எது வேண்டாம் என்றாளோ அதே ஸ்டீராய்டு, பம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு அளவில்.

மறுநாள் ஒரு நர்ஸ் அக்கா கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“எப்படி அடிக்கிற? காட்டு.”

ஆறு வருஷமாக அடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்து இரண்டு தடவை அழுத்தி, பிறகு மூச்சை இழுத்துக் காட்டினேன்.

“நாக்குக்குப் பெயிண்ட் அடிக்கிற. நெஞ்சுக்கு எப்பம்மா போகும்?”

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை இன்று வரை அப்படியே செய்கிறேன். மூடியைக் கழற்றினதும் வாய்வைக்கிற இடத்துக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்குள் கிடக்கிற சாமான், சில்லறைக் காசு உள்ளே போயிருந்தால் அதுவும் மூச்சோடு இழுபடும். நன்றாகக் குலுக்க வேண்டும். புது டப்பா என்றாலோ, பல நாள் தொடாமல் கிடந்தது என்றாலோ முதலில் சில தடவை காற்றில் அடித்துவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கிற மூச்சை எல்லாம் வெளியே விட வேண்டும். பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கி மூடி, மெதுவாக இழுக்க ஆரம்பித்து, ஆரம்பித்த அந்த நொடியில் ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும். இழுப்பதை நிறுத்தக் கூடாது, நெஞ்சு நிறையும் வரை மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு மனசுக்குள் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். அடுத்தது வேண்டுமென்றால் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. சட்சட்டென்று இரண்டு கிடையாது.

கையும் மூச்சும் சேரவில்லையா? ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வெற்றுக் குடுவை. அதற்குள் ஒரு தடவை அடித்துவிட்டு, சாதாரணமாக நாலைந்து மூச்சு இழுத்தால் போதும். மூச்சு திணறும்போது யாருக்குத்தான் கையும் வாயும் சேரும்? அந்த நேரத்துக்கு இதுதான் சரி. “வாங்கக் காசில்லன்னா அரை லிட்டர் தண்ணி பாட்டில் போதும்” என்று நர்ஸ் அக்கா சொன்னபோது வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, ஆஸ்துமாவோடு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1999இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கடையில் விற்கிற ஸ்பேசருக்கு நிகராகவே அது வேலை செய்திருக்கிறது.

இங்கே தாத்தா கதையையும் சொல்லிவிடுகிறேன். பீடி குடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். அவருக்கு எழுதிக்கொடுத்தது பம்ப் அல்ல, கேப்ஸ்யூலைப் போட்டு இழுக்கிற ரோட்டாஹேலர். ஒரு மாதம் கழித்து, கேட்கவே இல்லை என்றார். அந்தக் கருவியைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தார். வீடே சிரித்தது. இப்போது நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே? யாராவது ஒரு தடவை செய்து காட்டியிருக்க வேண்டும். இந்தப் பொடி மருந்துக்கு முறையும் நேர் எதிர்: பம்பை மெதுவாக இழுக்க வேண்டும், பொடியை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும்.

*

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று நர்ஸ் அக்காவிடம், “இதுல மருந்து இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியைப் பதினோரு வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன்.

“எண்ணணும்” என்றார். “ஒரு டப்பாவுல 200. புதுசா சிலதுல நம்பரே வருது. இல்லாததுல நீதான் எண்ணணும்.”

“ஆட்டிப் பார்த்தா?”

“ஆட்டினா சத்தம் வரும். மருந்து தீர்ந்த பெறகும் வரும். உள்ள மருந்தை வெளிய தள்ளுற கேஸ் திரவமா கெடக்கும்ல, அது மருந்தைவிடக் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும். அடிச்சா புஸ்ஸுன்னும் வரும். மருந்து வராது. சில பேரு தண்ணில மெதக்க விட்டுப் பாப்பாங்க, அதுவும் நம்ப முடியாது.”

“அப்ப எதுக்கு ஆட்டச் சொல்றாங்க?”

“கலக்கறதுக்கு. மருந்து அடில தங்கியிருக்கும். ஆட்டுறது கலக்கத்தான் தாயி, அளக்க இல்ல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சித்தியின் கடைசி பம்ப், ஆயுத பூஜைக்கு அம்மா வாங்கிக்கொடுத்தது. அந்தத் தீபாவளிக்குக் கையில் காசு இல்லை, அடுத்தது பொங்கலுக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். நடுவில் இரண்டரை மாதம். சித்தி ஒரு நாளைக்கு நாலு தடவைதான் அடித்தாள் என்று குறைத்துக் கணக்கு வைத்தாலும் 50 நாளில் 200 முடிந்துவிடும். அவள் நாலு தடவையோடு நிறுத்தியவள் இல்லை.

புஸ் என்று வந்தது வெறும் காற்று. நான் ‘இருக்கு’ என்றேன்.

பிறகு ஒருமுறை நெஞ்சு நோய் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மருந்து முழுசாக இருந்திருந்தாலும் அந்த ராத்திரிக்கு அது மட்டும் போதாமல் போயிருக்கலாம் என்றார். மூச்சுக்குழாயைச் சுற்றி இருக்கிற தசை இறுகுவது ஒரு பாதி. நீல பம்ப் அந்தத் தசையைச் சில நிமிஷத்தில் தளர்த்தும், நாலிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் குழாயின் உள்சுவர் வீங்கி, சளி அடைத்துக் கிடப்பது இன்னொரு பாதி. நீலம் அதைத் தொடவே தொடாது. அதற்குத்தான் தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு பம்ப். அதை எடுக்காமல் நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால், வெளியே தெரியாமல் உள்ளே நோய் வளரும்.

“விசில் நின்னதும் சரியாயிருச்சுன்னு தூங்கிட்டேன் சார்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். விசில் வருவதற்கே காற்று போய்வர வேண்டும். ஆள் தேறாமல் சத்தம் மட்டும் நின்றால், காற்று போவது நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால்தான் அதிகம் பயப்படுவார்கள். “பதினோரு வயசுப் பிள்ளைக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியம் இல்லம்மா” என்றார்.

அந்த வார்த்தையால் என் கணக்கு தீர்ந்துவிடவில்லை. ஆனால், தெரிந்திருக்க வேண்டியவர்கள் யார் யார் என்று அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

*

பிறகு இந்த மருந்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். துக்கம் என்னை அப்படித்தான் ஆக்கியது.

படித்ததில் முதலில் கண்ணில் பட்டது எங்கள் வேலியோர ஊமத்தை. இழுப்புக்கு ஊமத்தையைப் புகைப்பது இங்கே பழைய வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மெட்ராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதைக் கவனித்திருக்கிறார். அவர் மூலமாக அறிந்த ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802 வாக்கில் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அங்கே ஆஸ்துமா சிகரெட் என்றே ஒன்று விற்றது. ஊமத்தையில் இருக்கிற அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும், அளவு தப்பினால் ஆளைக் கொல்லவும் செய்யும். போகி அன்று எனக்கு நெபுலைசரில் சால்பியூட்டமாலோடு சேர்த்துக் கொடுத்த இப்ராட்ரோபியம் அந்த அட்ரோபினிலிருந்து உருவாக்கிய மருந்து. வேலியோரத்தில் விஷமாக நின்றதன் சொந்தக்காரன் மாஸ்க் வழியாக அளவோடு வந்திருக்கிறான். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம். அளவு தெரியாதது விஷம்.

பம்ப் பிறந்தது 1955இல் அமெரிக்காவில். ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா, 13 வயது. கண்ணாடிக் குழாயை அமுக்கி அமுக்கி மருந்தை இழுத்துச் சலித்துப்போனவள், ஹேர் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷமே அது கடைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்த சாமான் ஒரு சின்னப் பெண் வாய்விட்டுக் கேட்டதால் வந்தது என்பதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1960களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆஸ்துமாச் சாவுகள் திடீரென்று கூடின. அப்போது பம்பில் இருந்தது ஐசோபிரினலின். அதை ஐந்து மடங்கு வீரியமாக்கி ‘ஃபோர்ட்டே’ என்று விற்ற நாடுகளில்தான் சாவு கூடியது என்று பிறகு காட்டினார்கள். அது நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் உலுக்குகிற மருந்து. பெரும்பாலும் மூச்சுக்குழாயை மட்டும் குறிவைக்கிற சால்பியூட்டமாலை டேவிட் ஜாக் தலைமையிலான குழு இங்கிலாந்தில் கண்டுபிடித்தது, 1969இல் விற்பனைக்கு வந்தது. என்றாலும் 1970களின் கடைசியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற இன்னொரு பம்போடு சேர்ந்து மறுபடி சாவுகள். உடனே மூச்சைத் திறந்துவிடுகிற மருந்தை மட்டும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்ற பாடத்தை உலகம் இரண்டு முறை படித்திருக்கிறது. 2019இல் கீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஸ்டீராய்டு சேர்ந்த பம்ப் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. வருஷத்துக்கு 200 பஃப் டப்பா மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் மோசமான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் சாகும் வாய்ப்பே கூடுகிறது.

மாதம் ஒன்று. என் காபித்தூள் கணக்கு.

அம்மாச்சியின் ‘விட முடியாது’ என்ற பயத்தில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது, ஆனால் அவள் நினைத்த இடத்தில் இல்லை. கள்ளுக்குப் பழகுகிற மாதிரி யாரும் பம்புக்கு அடிமையாவதில்லை. நீலம் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் கைமீறுகிறது என்று அர்த்தம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். பம்பைவிட மாத்திரை பாதுகாப்பு என்பதும் தப்புக் கணக்கு. சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை 40 பஃப்புக்குச் சமமான எடை, அதுவும் ரத்தம் வழியாக உடம்பெல்லாம் சுற்றி வருவது. ஸ்டீராய்டுக்கும் அதே கதைதான்: மாத்திரை மில்லிகிராமில், பம்ப் மைக்ரோகிராமில். பம்ப் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் பூஞ்சை வராது, குரலும் அவ்வளவாகக் கம்மாது.

*

அடுப்பை மறுபடி பற்றவைத்து டீ போட்டேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த பம்ப் எப்ப வாங்கின?”

“ஞாபகம் இல்லக்கா. தீபாவளி டைம்ல.”

“எங்க வைப்ப?”

“வண்டி பெட்டில. சில நேரம் டேங்க் கவர்ல.”

“வெயில்லயா? 30 டிகிரிக்கு மேல வைக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்டா. சூடு ஏறினா வெடிக்கவும் செய்யும்.”

அவன் சிரித்தான். “சென்னையில 30 டிகிரிக்கு நான் எங்கக்கா போவேன்?”

நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் போடாமல் தோளில் மாட்டுகிற பைக்குள் துணி சுற்றி வை என்றேன். என்னிடம் இருந்த புது டப்பா ஒன்றையும் ஸ்பேசரையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் அன்றைய தேதியை எழுதினேன். நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறாயோ அதை ராத்திரி போனில் எழுதி வை, 200 வந்தால் தூக்கிப் போட்டுவிடு, சத்தம் வந்தாலும் சரி, புஸ்ஸென்று வந்தாலும் சரி என்றேன். வர்ற சனிக்கிழமை என்னோடு டாக்டரிடம் வரணும், இன்னொரு பம்ப் எழுதுவார், அதை விடாமல் எடுக்கணும் என்றேன். இழுப்பு பலமாக வந்தால் படுக்காதே, நிமிர்ந்து உட்கார், ஸ்பேசர் வைத்து ஒவ்வொன்றாக நாலு பஃப், நாலு நிமிஷம் பார், விடவில்லையென்றால் மறுபடி நாலு. அப்பவும் விடவில்லையென்றாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச வரவில்லையென்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108. வண்டி வரும் வரை அதே நாலு நாலாக எடுத்துக்கொண்டே இரு. யாரையும் எழுப்பக் கூச்சப்படாதே.

“என்னக்கா, டீச்சர் கணக்கா பேசுறீங்க” என்றான்.

அப்போது சொன்னேன். அந்த ராத்திரி, ஜன்னல் திட்டு, ஆட்டிப் பார்த்தது, ‘இருக்கு சித்தி’ என்றது, விசில் நின்றது, நான் போர்வை போட்டுவிட்டுப் படுத்தது. அவன் அம்மா நெஞ்சு வலியில் போய்விட்டாள் என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இழுப்பு என்று சொன்னால் அவனுக்கும் பெண் கிடைக்காது என்ற பயம். அரிசிப் பானை இன்னும் அப்படியேதான் இருந்தது. பம்புக்குப் பதிலாக அவளுடைய சாவையே அதற்குள் போட்டு மூடி வைத்திருந்தோம்.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

“நான் எங்க படுத்திருந்தேன்?” என்று கேட்டான்.

“என் பக்கத்துல.”

“முழிக்கவே இல்லையா?”

“இல்லடா. காலையில கதவு தட்டின சத்தத்துலதான் முழிச்ச. எழுந்ததும் பால் கேட்ட.”

தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு பாக்கெட்டிலிருந்து அந்தப் பழைய பம்பை எடுத்தான். காதருகே கொண்டுபோகவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் குப்பைக்கூடையில் போட்டான்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்குக்கா?” என்றான்.

பத்தரைக்கு என்றேன். இப்போது ஒவ்வொரு ராத்திரியும் பதினோரு மணிவாக்கில் அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு எண் வரும். வேறு எதுவும் இருக்காது. முதல் வாரம் 6, 5, 7. இரண்டாவது பம்பை ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து 2, 1. போன வாரம் தொடர்ந்து நாலு நாள் 0 வந்தது. ஐந்தாம் நாள் எண் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தேன்.

“தூங்கிட்டேன்க்கா” என்றான். அவன் மூச்சு சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு அது போதவில்லை.

“ஏதாவது பேசுடா” என்றேன். “ஒரு முழு வாக்கியம் பேசு.”